ஏழு பை மூணு

மே 22

தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று ஜெபராஜ் சார் உத்தரவு போட்டுவிட்டார். பரீட்சையில் மூன்று மணி நேரம் பேனா ஓட வேண்டுமாம். எனக்கோ மளிகைச் சாமானுக்குச் சிட்டை எழுதவே நடுவில் ஒரு காப்பி வேண்டும்.

“என்னத்த சார் எழுத?”

“அன்னன்னைக்கு நடந்தத எழுதுங்கக்கா. பேசற மாதிரி எழுதாதீங்க. புத்தகத்துல இருக்கிற மாதிரி எழுதுங்க.”

“புத்தகத்துல பொம்பளைங்க எல்லாம் அழகா இருப்பாகளே சார், பரவாயில்லையா?”

பிள்ளைகள் சிரித்தன. சார் சாக்பீஸைப் பார்த்தார்.

ஆகவே புத்தகம் மாதிரி. என் பெயர் குருவம்மாள். வயது நாற்பத்தாறு. எட்டாம் வகுப்போடு நின்றவள். இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்கிறேன். பத்தாம் வகுப்பை மார்ச்சில் தனித்தேர்வராக எழுதி, மற்ற எல்லாவற்றிலும் தப்பித்து, கணக்கில் மட்டும் பதினெட்டு வாங்கினேன். முப்பத்தைந்து வேண்டும். மறுதேர்வு ஜூலையில்.

டுடோரியல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக் கடை மாடியில். கணக்கில் கோட்டை விட்ட பிள்ளைகள் ஒரு பத்துப் பதினைந்து பேர். கடைசி பெஞ்சில் நானும் பஞ்சவர்ணமும். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அவளும் இதே கணக்கில் எப்போதோ தோற்று நின்றவள். அவள் எனக்கு யார் என்று புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதினால்: என் வீட்டுக்காரரின் இன்னொரு வீட்டுக்காரி.

வீட்டுக்காரர் பெயர் தங்கமாரி. நகராட்சியில் பம்ப் ஆபரேட்டர். போன ஐப்பசியில் பம்ப் அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பம்ப் அறை இருக்கிற ஊரில் அவருக்கு ஒரு வீடும், அதில் பஞ்சவர்ணமும், யாழினி என்று ஒன்பது வயதில் ஒரு பெண் பிள்ளையும் இருப்பது எனக்கு நான்கு வருஷமாகத் தெரியும். அதற்கு முன் ஐந்து வருஷம் தெரியாத மாதிரி இருந்தேன்.

பிள்ளைகள் எங்களை அக்கா தங்கச்சி என்று நினைத்து, பெரியக்கா, சின்னக்கா என்கின்றன. தப்பும் இல்லை.

மே 23

நேற்று எழுதியதில் கை வலி. இன்று எழுதவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

மே 26

முதல் பாடத்தின் பெயரே ‘உறவுகளும் சார்புகளும்’. இந்தப் பெயரை வைத்தவர் வீட்டில் ரொம்பப் பட்டவராக இருக்க வேண்டும்.

சார் பலகையில் இரண்டு முட்டை வரைந்தார். இந்த முட்டையிலிருந்து அந்த முட்டைக்கு அம்பு விட்டார்.

“இங்க இருக்கிற ஒவ்வொருத்தரும் அங்க ஒரே ஒருத்தரத்தான் காட்டணும். ஒரே ஆள்கிட்டயிருந்து ரெண்டு அம்பு கிளம்புச்சுன்னா அது சார்பு இல்ல. வெறும் உறவு.”

“அப்ப எங்க வீட்டுக்காரர் வெறும் உறவுதான் சார்” என்றேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. முன் பெஞ்சு பிரவீணா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பதினாறு வயது, வாய் என்னை மாதிரி. பஞ்சவர்ணம் பென்சிலை எடுக்கக் குனிந்தாள். பென்சில் விழவே இல்லை. நிமிர நேரமாயிற்று.

எனக்கு ஒன்றும் இல்லை. சொல்லிவிட்ட பிறகு உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. ஐப்பசியிலும் இப்படித்தான். எல்லாரும் மாரடித்து அழுதார்கள். நான் பந்தல்காரரிடம் நாற்காலி சரிபார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். அழட்டும் என்று நாத்தனார் முதுகில் கிள்ளினாள். கிள்ளியது தெரிந்தது. அவ்வளவுதான்.

மதியம் இரண்டு வீட்டுக்கு மாவு குறைந்துவிட்டது. உளுந்து ஊற வைக்கும்போது கை அளவு தப்பியிருக்கிறது.

மே 29

நகராட்சி ஆபீஸில் ஹெட் கிளார்க் மேடம் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போனோம்.

இறந்தவர் வீட்டுக்கு ஒரு வேலை உண்டு. ரெக்கார்டு ரூமில் ஓர் இடம். பத்தாம் வகுப்பு கட்டாயம். ஆகஸ்ட் பாதிக்குள் பேப்பர் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். மேடம் நல்ல மாதிரி. இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

“ரெண்டு பேர்ல யாரு பாஸோ அவங்க பேர்ல போட்டுரலாம். மத்தவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும். ரெண்டு பேரும் பாஸாயிட்டீங்கன்னா?”

“அவளுக்கே குடுத்துருங்க மேடம்” என்றேன். “எனக்கு மகன் திருப்பூர்ல சம்பாதிக்கிறான், மாவு இருக்கு. அவளுக்குப் பொம்பளப்புள்ள. எம்மூஞ்சிய ரெக்கார்டு ரூம்ல வச்சா எலி கூட வராது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்கள். “உங்களுக்குப் பெரிய மனசும்மா.” பியூன் கூட எட்டிப் பார்த்தார். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

பிறகு மேடம் மாதிரிக்கு ஒரு தாள் காட்டினார்கள். ‘எனது கணவரின் இரண்டாவது மனைவியான இன்னாருக்கு இவ்வேலையை வழங்குவதில் எனக்கு...’

“மனைவின்னுதான் எழுதணுமா மேடம்?”

“ஆமாம்மா. உறவு தெளிவா இருக்கணும். நீங்க உங்க கையால அப்படி எழுதுனாத்தான் செல்லும்.”

நல்ல தாள். வழவழவென்று இருந்தது.

பஸ்ஸில் பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “யாருக்கா செய்வா இப்படி?” என் கை ஈரமாகிவிட்டது. சேலையில் துடைத்துக்கொண்டேன். கண்டக்டர் பயல் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து டிக்கெட் கேட்கவே வரவில்லை. அப்புறம் நானே கூப்பிட்டு வாங்கினேன்.

ஜூன் 2

சார் வகுப்பை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டார். இது அவருடைய முறை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். “சொல்லிக் குடுத்தாத்தான் உனக்கு நிக்கும்” என்கிறார். ஒருவர் வராத நாளில் சார் என்ன நடத்தினார் என்று அவருடைய ஜோடிதான் சொல்ல வேண்டும். வேறு யாரும் குறுக்கே போகக்கூடாது. ஜோடியை நம்பித்தான் வகுப்பு. பிரவீணாவுக்கு ஹரிஷ் என்று ஒரு நோஞ்சான். எனக்கு யார் என்று கேட்கவே வேண்டாம்.

ஆகவே பஞ்சவர்ணம் இன்று முதல்முறையாக என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினாள்.

“என்ன, அளவு பாக்குறியா? வா உள்ள.”

சுவரில் அவர் படம், மாலையோடு. அதைப் பார்க்கவா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்காமல் தண்ணீர்ப் பானைக்குக் கும்பிடு போட்டாள். நான் சிரித்துவிட்டேன். “அங்கிட்டு இருக்காருத்தா. பானைக்குள்ள எல்லாம் இல்ல.”

அவளுக்கு எழுத்துக் கணக்கு நன்றாக வரும். எனக்கு அது வராது. x என்றாலே யாரோ முகத்தை மூடிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். காரணிப்படுத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள்.

“பெருக்கினா பன்னெண்டு வரணும்க்கா, கூட்டினா ஏழு வரணும். அப்படி ரெண்டு நம்பரு தேடுங்க.”

“கூட்டிப் பெருக்குறதுக்கா டுடோரியலுக்குப் போறேன்? அத விடிஞ்சா வீட்டுல செய்றனே.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்வரிசை நன்றாக இருக்கிறது. மூணும் நாலும் என்று கண்டுபிடித்தேன். அடுத்து ஐந்து கணக்கு போட்டேன். ஐந்தும் சரி. அவள் டிக் போட்டுப் பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதினாள். என் நாற்பத்தாறு வயதில் யாரும் எனக்கு ‘நன்று’ எழுதியதில்லை.

போகும்போது மாவு கொடுத்துவிட்டேன். மகன் போன் செய்தான். “அவள ஏம்மா வீட்டுக்குள்ள விடுற?” என்றான். “கணக்குக்குடா” என்றேன். “என்ன கணக்கு?” என்றான். “பத்தாம் வகுப்புக் கணக்கு” என்றேன். வைத்துவிட்டான்.

ஜூன் 5

மாவு புளித்துவிட்டது. வெயில்.

ஜூன் 9

பாஸாக ஒரு வழி உண்டு. எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் பிடித்திருக்கின்றன. படம் வரைகிற கணக்கு ஒன்று, எட்டு மார்க். கிராஃப் ஒன்று, எட்டு மார்க். இந்தப் பதினாறையும் கையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கங்கே பொறுக்க வேண்டும். படம் போனால் ஆள் போச்சு.

படம் எனக்குச் சரளமாக வருகிறது. கை நடுங்காது. பஞ்சவர்ணத்துக்குக் கவராயம் வழுக்கிக்கொண்டு போகிறது. இன்று அவளுக்கு வடிவொத்த முக்கோணம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு முக்கோணம் இருக்கும். அதே சாயலில், ஆனால் அளவில் வேறாக, இன்னொன்று வரைய வேண்டும். இரண்டுக்கும் ஒரு மூலை பொது.

“அந்த மூலைதான் நம்ம ஆளு” என்றேன். “அதுலயிருந்து ஒரு வீடு பெருசு, ஒரு வீடு சிறுசு.”

அவள் சிரிக்கவா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்த பிறகு சிரித்தாள்.

மூணு பை அஞ்சு என்று கணக்கு, மேலே மூன்று, கீழே ஐந்து. சாய்வாக ஒரு கோடு போட்டு அதில் ஐந்து புள்ளி. கடைசிப் புள்ளியை முக்கோணத்தின் மூலையோடு சேர்க்க வேண்டும். மூன்றாவது புள்ளியிலிருந்து அதற்கு இணையாக ஒரு கோடு. புது முக்கோணம் பழையதன் உள்ளேயே சின்னதாக உட்காரும். கைமேல் கை வைத்துப் பிடித்துக் காட்டினேன். நாலாவது தடவை அவளாகவே போட்டாள். “கடைசிப் புள்ளியச் சேரு, கடைசிப் புள்ளியச் சேரு” என்று சாமி பேர் மாதிரி சொல்லிக்கொண்டே போட்டாள்.

டீ குடிக்கும்போது அவளாகவே சொன்னாள். “நீங்க இப்படித்தான் பேசுவீகன்னு எனக்கு முன்னமே தெரியும்க்கா. அவரு வந்து சொல்லுவாரு. நீங்க யாரைக் கேலி பண்ணீக, என்ன சொன்னீகன்னு. அப்படியே உங்க குரல்லயே சொல்லிக் காட்டுவாரு. நானும் பாப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்போம்.”

“அப்படியா” என்றேன்.

“பாப்பா கேக்கும், இன்னைக்கு பெரியம்மா என்ன சொன்னாகன்னு.”

டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. இன்னொரு கரண்டி போட்டேன். அப்போதும் தெரியவில்லை.

ஜூன் 10

இத்தனை வருஷம் இந்த வீட்டில் அவர் என் பேச்சுக்குச் சிரித்ததே இல்லை. காது கேட்காதோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஜூன் 12

பஞ்சவர்ணம் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல்.

சார் இன்று அதே முக்கோணத்தில் வேறு வகை நடத்தினார். ஏழு பை மூணு. மேலே இருக்கிற எண் பெரியது. அப்படி வந்தால் புது முக்கோணம் பழையதைவிடப் பெரியதாக, வெளியே விரிந்து நிற்க வேண்டும். ஏழு புள்ளி. ஆனால் கடைசிப் புள்ளியைச் சேர்க்கக் கூடாது. மூன்றாவதைச் சேர்த்துவிட்டு, ஏழாவதிலிருந்து இணைகோடு.

“இங்கதான் எல்லாரும் விழுவீங்க” என்று சார் பலகையில் குட்டினார். “கடைசிப் புள்ளி, கடைசிப் புள்ளின்னு மனப்பாடம் பண்ணாத. கீழ இருக்கிற நம்பரப் பாரு. எப்பவும் கீழ இருக்கிறதத்தான் சேக்கணும். இந்த வருஷம் இது வரும். எழுதி வச்சுக்கோ.”

எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஹரிஷே போட்டுவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் பஞ்சவர்ணம் போன் செய்தாள். “பாப்பாவுக்குப் பரவாயில்லக்கா. சார் இன்னைக்கு என்ன நடத்துனாரு?”

“பழைய முக்கோணந்தான்” என்றேன்.

முக்கோணம் பழையதுதானே.

ஜூன் 13

அவளிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 16

பஞ்சவர்ணம் வந்தாள். தொடர்வரிசைக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். பொறுமைசாலி. ஒரே சூத்திரத்தை நான் ஆறு தடவை தப்பாகச் சொன்னேன், ஆறு தடவையும் முதல் தடவை மாதிரி திருத்தினாள். சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறுகிறதை வைத்து ஒரு வழி சொன்னாள். அது பிடித்துக்கொண்டது.

முக்கோணம் சொல்லலாம் என்று நோட்டை எடுத்தேன். கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. அதைப் பார்க்க ஆள் வந்தான். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஜூன் 18

பெல்ட் மாற்றியாயிற்று. நிறைய மாவு. பூண்டு உரித்தேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 20

வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது பிரவீணா என் முந்தானையைப் பிடித்தாள்.

“பெரியக்கா, சின்னக்கா இன்னைக்கும் கடைசிப் புள்ளி கடைசிப் புள்ளின்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. அன்னைக்கு நடத்தினது அவங்களுக்குத் தெரியாதா? நான் சொல்லிரட்டா?”

“உன் ஜோடி நோஞ்சானுக்குச் சொல்லு, போ. எஞ்ஜோடிக்கு நான் சொல்லிக்கிறேன்.”

“மறந்துராதீங்க.”

“ஏண்டி, எனக்கு என்ன வயசாயிருச்சா?”

“ஆமா” என்றாள். நல்ல வாய்.

ஜூன் 24

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. போட்டோவில் என் முகம், போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கிற மாதிரி. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், வேறு வேறு அறை.

பஞ்சவர்ணம் எனக்கும் சேர்த்துப் புதுக் கவராயம், புதுப் பென்சில், ரப்பர் வாங்கி வந்திருந்தாள். மாரியம்மன் கோயில் திருநீறும் இருந்தது. பிள்ளை தன் கைப்பட ஒரு காகிதத்தில் ‘பெரியம்மா ஆல் த பெஸ்ட்’ என்று எழுதி, சூரியன் வரைந்திருந்தது. சூரியனுக்கு மீசை. எதற்கு என்று கேட்டேன்.

“அது அப்படித்தான் போடும்க்கா. அவரப் பாத்துப் போட்டுப் பழகிருச்சு.”

காகிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். எங்கே வைப்பது என்று வேறு இடம் தெரியவில்லை.

ஜூன் 27

இன்று ஜோடிகளுக்கு சார் மாதிரிப் பரீட்சை வைத்தார். நான் நாற்பத்தொன்று. அவள் நாற்பத்துநான்கு. சார் வைத்த முக்கோணம் மூணு பை அஞ்சுதான். அழகாகப் போட்டிருந்தாள். கோடு கொஞ்சம்கூடக் கோணவில்லை. என் கை பட்ட கை.

“உங்களாலதான்க்கா” என்றாள்.

“அப்ப பீஸக் குடு” என்றேன்.

இரண்டு பேரும் பாஸாகிவிடுவீர்கள் என்று சார் சொன்னார். ஹெட் கிளார்க் மேடத்தின் வழவழத் தாள் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 1

நாளைக்குப் பரீட்சை. மாவு கிடையாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அம்மா, “இந்த வயசுல பாஸாகி கலெக்டராகவா போற?” என்றாள். “ஆமா, முதல்ல உங்க வீட்டுத் தண்ணி கனெக்ஷனத்தான் கட் பண்ணப் போறேன்” என்றேன்.

பஞ்சவர்ணம் போன் செய்தாள்.

“எல்லாம் பாத்துட்டீகளாக்கா?”

“பாத்துட்டேன்.”

“எனக்கு ஏதும் விட்டுப்போச்சாக்கா? நீங்க ஏதும் சொல்லணுமா?”

கிரைண்டர் ஓடாத வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

“நல்லாத் தூங்கு” என்றேன்.

ஜூலை 2

வந்தது. ஏழு பை மூணு.

அதற்குப் பதிலாக எழுத வேறொரு படமும் கேட்டிருந்தார்கள், ஆனால் அது யாருக்கும் வராது. நான் முக்கோணத்தைப் போட்டேன். ஏழு புள்ளி வைத்தேன். மூன்றாவதைச் சேர்த்தேன். வெளியே விரிந்தது. கிராஃபும் போட்டேன். காரணிப்படுத்துவது இரண்டு வந்தது, கூட்டிப் பெருக்கிவிட்டேன். கத்தரிக்காய்க் கணக்கு ஒன்று வந்தது. பெல் அடிக்கும்போது பேனா ஓடிக்கொண்டிருந்தது. சார் சொன்னது சரிதான்.

கேட்டில் பஞ்சவர்ணம் முகமெல்லாம் பல்லாக நின்றாள். “முக்கோணம் வந்துச்சுக்கா! பாத்த உடனே உங்களத்தான் நெனச்சேன்.”

“எந்தப் புள்ளியச் சேத்த?”

“கடைசிப் புள்ளிதான். ஏழு.”

பக்கத்தில் நின்ற பிரவீணா என்னைப் பார்த்தாள். நான் பெட்டிக் கடையைப் பார்த்தேன்.

மூன்று பேருக்கும் பன்னீர் சோடா வாங்கினேன். பிரவீணா வேண்டாம் என்றுவிட்டாள். எப்போது வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கிற பிள்ளை. நான் பஸ் பிடிக்க முன்னால் வந்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு நின்றார்கள்.

ஜூலை 3

மாவு. எல்லா வீட்டுக்கும்.

ஜூலை 9

பரீட்சை முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கை பழகிவிட்டது. ஜன்னல் துடைத்தேன். அவர் சட்டைகளை மூட்டை கட்டி நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. பஞ்சவர்ணம் வரவில்லை, போனும் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூட வேலை இருக்கும்.

ஜூலை 31

ரிசல்ட். பிரவீணா தன் போனில் பார்த்துச் சொன்னாள். அவள் ஐம்பத்திரண்டு. ஹரிஷ் முப்பத்தாறு, பாத்திரக் கடைக்காரர் உட்பட எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான். நான் நாற்பது.

பஞ்சவர்ணம் முப்பத்தொன்று.

சார் என் கையைக் குலுக்கினார். பிள்ளைகள் “பெரியக்கா! பெரியக்கா!” என்று கத்தின. “கத்தாதீகடா, கலெக்டர் வர்றேன்” என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். வாய் அது பாட்டுக்குப் பேசுகிறது. நான் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

பிரவீணா மட்டும் பக்கத்தில் வந்து, மெதுவாக, “வாழ்த்துகள்ங்க” என்றாள். பெரியக்கா என்று சொல்லவில்லை.

மகனுக்குப் போன் செய்தேன். “பாத்தியாம்மா, யாரு சரியான ஆளுன்னு கடவுளுக்குத் தெரியும்” என்றான்.

ஆகஸ்ட் 5

ஆபீஸ். பஞ்சவர்ணம் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருக்கிறாள். பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். அது எப்போதோ சரியாகிவிட்டது என்றாள். ஆமாம், அது ஜூன் மாதம்.

மேடம் என்னிடம் மெதுவாக, “உங்க மனசுக்குத்தாம்மா கிடைச்சிருக்கு” என்றார்கள். பஞ்சவர்ணத்திடம் வெள்ளைத் தாள் கொடுத்து, வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார்கள். ‘மறைந்த தங்கமாரியின் மனைவி குருவம்மாள் அவர்களுக்கு இவ்வேலையை வழங்குவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும்...’

அவள் பேனாவை நிறுத்தி என் பக்கம் திரும்பினாள். “ஆட்சேபணைக்கு எந்த ணைக்கா? ரெண்டு சுழியா, மூணு சுழியா?”

“மூணு சுழி.”

எழுதினாள். அதை மட்டும் சரியாகச் சொன்னேன்.

அவள் எழுதிய தாளில் மனைவி என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வந்தது. மேடம் முத்திரை குத்தினார்கள். நான் நினைத்திருந்தேன், அந்தச் சொல்லைப் பார்த்தால் ஏதாவது இருக்கும் என்று. தாள் மாதிரிதான் இருந்தது.

ஆகஸ்ட் 10

ஞாயிற்றுக்கிழமை. நாளை வேலையில் சேர வேண்டும். சேலை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பஞ்சவர்ணம். கையில் கணக்கு நோட்டும் நான் பார்த்திருக்கிற அந்தக் கவராயப் பெட்டியும். இந்தத் தடவை செருப்பைக் கழற்றியதும் நேரே உள்ளே வந்தாள். அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“மார்ச்சுல மறுபடி எழுதப் போறேன்க்கா.”

“எதுக்குத்தா? வேலைதான்...”

“வேலைக்கு இல்ல. ஒரு தடவ பாஸ் பண்ணிரணும். அந்த முக்கோணத்தச் சொல்லிக் குடுங்க. ஏழு பை மூணு.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். “அது ஒண்ணுமில்ல...” என்று ஆரம்பித்தேன்.

“பிரவீணா சொல்லிட்டா” என்றாள். “பரீட்சையன்னைக்கே கேட்டுல வச்சு. சார் எந்த நாள் நடத்துனாருன்னும் சொன்னா. நான் சொல்லிக்கிறேன்னு நீங்க சொன்னதயும் சொன்னா.”

பரீட்சையன்னைக்கே. அப்படியென்றால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தெரியும். மூணு சுழியா என்று கேட்டபோது தெரியும்.

“அப்ப உனக்குத்தான் தெரிஞ்சிருச்சே. கீழ இருக்கிற நம்பரச் சேக்கணும்.”

“அவ சொன்னா எனக்கு எதுக்குக்கா? எஞ்ஜோடி நீங்கதான. நீங்க சொல்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பென்சிலை என் பக்கம் நீட்டினாள். ஏதாவது கேலியாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். இந்த வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

முக்கோணம் வரைந்தேன். சாய்கோடு போட்டேன். ஏழு புள்ளி வைத்தேன்.

“கடைசிப் புள்ளியச் சேக்கக் கூடாது” என்றேன். “மூணாவதச் சேக்கணும். ஏழுலயிருந்து இணைகோடு.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். பென்சிலைத் தொடவில்லை.

“இன்னொரு தடவ.”

புரியாமல் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. புதுப் பக்கம் திருப்பினாள். மறுபடி வரைந்து, மறுபடி சொன்னேன். அவள் என் படத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி திருப்பினாள். கடைசிப் புள்ளியச் சேக்கக் கூடாது. மூணாவதச் சேக்கணும். அவளாகப் போதும் என்று சொல்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சேலை பாதி இஸ்திரியோடு கிடந்தது.

அவள் போன பிறகும் தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது. வெந்நீர் குடித்தும் சரியாகவில்லை. ஜெபராஜ் சார் நாள் முழுக்க எப்படித்தான் இதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாரோ.